அனுப்பாத கடிதங்களைப் பாட்டாக்கலாமா?

கேள்வி: "வீட்டில் பழைய கடிதங்கள் கிடைத்தன. எழுதியவர் அவற்றை அனுப்பவேயில்லை. பாட்டாக்க ஆசை. எங்கே தொடங்குவது?"

ஆக்கலாம். அவற்றைத் திறந்து இரண்டு நாள் அழுதிருப்பீர்கள், மூன்றாம் நாள் இந்த யோசனை வந்திருக்கும். எனக்கு அப்படித்தான் வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வித்துவான் இல்லை. சின்ன வயதில் வட இலங்கை சங்கீத சபைச் சோதனையில் வயலின் மூன்றாம் தரம் எடுத்ததோடு சரி. முறையாகப் படித்தவர்கள் பிழை பிடிக்க வரலாம், வாருங்கள்.

2016 இல் அம்மா காலமானா. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் வைத்த பையின் அடியில் முப்பத்தொரு கொப்பி ஒற்றைகள். எல்லாம் 1989 இல் ஜேர்மனிக்குப் போன அண்ணாவுக்கு எழுதியவை. 1990 க்குப் பிறகு, யுத்தத்தில், யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கரண்ட் இல்லை. ஜாம் போத்தல் மண்ணெண்ணெய் விளக்குக்குக் கிட்ட வைத்து எழுதியதில் சில ஒற்றைகளின் மேல்மூலை புகை பிடித்துப் பழுப்பாய் இருக்கிறது. கிளாலிக் கடலேரியால் வள்ளத்தில் ஏறிக் கொழும்புக்குப் போகிற ஆட்களிடம்தான் அப்போது கடிதம் கொடுத்துவிடுவது.

அண்ணாவுக்குக் கடிதம் போகாமலும் இல்லை. தனக்கு வந்தவற்றைப் படம் பிடித்து வட்சப்பில் அனுப்பினார். திகதிக்குத் திகதி வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது, அம்மா ஒவ்வொரு முறையும் இரண்டு எழுதியிருக்கிறா. முதலாவதில் உள்ளது உள்ளபடி. அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அண்ணா தாங்கக்கூடியதை மட்டும் இன்னொன்றில் எழுதிக் கொடுத்துவிட்டிருக்கிறா. போனதில் "மீன் மலிவு". போகாததில் "மூன்று நாளாய் முருங்கையிலைச் சொதிதான், தம்பி தட்டைத் தள்ளிவிட்டிட்டுப் படுத்திட்டான்". அந்தத் தம்பி நான்.

இரண்டும் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: "இங்கு யாவரும் நலம்."

பல்லவியைத் தேடி நான் அலையவில்லை. முப்பத்தொரு தரம் அம்மாவே எழுதி வைத்திருந்தா. ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவில் தட்டிப் பாருங்கள்: "இங்கு" மூன்று, "யாவரும்" நான்கு. தகிட தகதிமி, அளந்து வைத்ததுபோல. அடுத்த ஆவர்த்தனத்தில் "நலம்" மூன்று, பிறகு நான்கு எண்ணிக்கை ஒன்றுமில்லை. அந்த நான்கையும் நிரப்பாதீர்கள். நான் நிரப்பவில்லை. ஒவ்வொரு சரணமும் நலமில்லாத ஒன்றைச் சொல்லிவிட்டு அங்கேயே திரும்பி வரும். சோகமென்றால் உடனே முகாரிக்கு ஓடவும் வேண்டாம். நான் மோகனத்தில் வைத்தேன். நலம் என்று சொல்லுகிறவ அழுதுகொண்டா சொல்லுவா?

சொல்லை மாற்றாதீர்கள். எதுகை வராவிட்டால் வராமல் போகட்டும். மண்ணெண்ணெய் "கண்ணீர்" ஆகக்கூடாது, முருங்கையிலை முருங்கையிலையாகவே இருக்கட்டும். தாயின் கடிதத்தைச் சந்தியில் பாடுகிறான் என்று ஏச ஆட்கள் வருவார்கள். எனக்கும் வந்தார்கள், சொந்தத்துக்குள்ளேயே. அயலட்டையின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அக்காவின் கலியாணப் பேச்சு வருகிற கடிதங்களை அக்கா கேட்கவே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்கு மேல் ஒருவருக்கும் பதில் சொல்லும் கடமை எனக்கில்லை.

ஒலிப்பதிவு செய்த இடத்தில் ஒரு பெடியன், "அண்ணை, கதைக்கிறது எண்டா இந்தியாவில விளங்காது, பேசுறது எண்டு போடுவமே?" என்றான். அவனில் பிழையில்லை. இங்கே வானொலியைத் திருப்பினால் அறிவிப்பாளர்மார் சென்னையிலேயே பிறந்து வளர்ந்ததுபோலக் கதைக்கிறார்கள். மைக்கை நிற்பாட்டிவிட்டு வெளியே வந்து, "மச்சான், பிளேன்ரீ குடிப்பமே?" வாயில் இருக்கிற பாஷைக்கு மைக்குக்கு முன்னால் என்ன வருத்தம் வருகிறது? சரி, அது வேறு கதை. "கதைக்கிறது" அப்படியேதான் இருக்கிறது.

இனி, ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்துக்குப் பயந்து எல்லாச் சனத்தோடும் நாங்களும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டோம். அந்த மழை, அந்த நெரிசல் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கொடிகாமத்தில் இருந்து எழுதிய கடிதத்தில் அம்மா: "ஆட்டை அவிட்டுவிட மறந்திட்டன். செம்மணி தாண்டித்தான் ஞாபகம் வந்தது. திரும்ப ஏலாது, பின்னால சனம்." அண்ணா வளர்த்த மறியின் குட்டி அது. அண்ணாவுக்குப் போன கடிதத்தில் ஆடே இல்லை.

மூன்றாம் சரணத்தில் நான் "அவிட்டு விட்டிட்டன்" என்று பாடியிருக்கிறேன். தாளத்துக்கு இடித்தது என்று மிருதங்கம் வாசித்த தம்பிக்குச் சொன்னேன். இடிக்கவில்லை.

பாட்டை அண்ணாவுக்கு அனுப்பினேன். பைக்குள் இருந்த ஒற்றைகளை இன்னும் காட்டவில்லை. (அவர் இந்தத் தளத்துப் பக்கமே வராதவர், அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.) இரவு பன்னிரண்டு மணிக்கு எடுத்தார். மெட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:

"ஆட்டை அவிட்டுத்தானே விட்டவா?"

"ஓம் அண்ணா" என்றேன்.