பதில்: குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது

திருவல்லிக்கேணி அறையில் பதிவு செய்த பாட்டில் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) சேர்த்ததும் குரல் கிணற்றுக்குள் போய்விட்டது, வரிகளுக்கு இடையே மின்விசிறி இரைகிறது என்கிறீர்கள். இரைச்சலுக்கு ரிவெர்பைத் திட்டாதீர்கள். அது ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரஸரின் வேலை. உரத்த இடங்களை அது அமுக்குகிறது. பிறகு மொத்த ஒலியையும் உயர்த்தும்போது விசிறியும் தெரு ஆட்டோவும் சேர்ந்து மேலே வருகின்றன. கம்ப்ரஸர் அமுக்கும் விகிதத்தை 3:1க்குக் குறைத்துப் பாருங்கள்.

கிணற்றுக்கு: ரிவெர்புக்குப் போகும் ஒலியில் மட்டும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொனியை வெட்டுங்கள். ப்ரீ-டிலே, அதாவது எதிரொலி தொடங்குமுன் விடும் இடைவெளி, 30 மில்லிவினாடி வையுங்கள். சொல் முதலில் தெளிவாக விழும், எதிரொலி பின்னால் வரும். ஆனால் வெறுஞ்சுவர்கள் ஏற்கெனவே பதிவில் சேர்த்த எதிரொலியை எந்த எஃபெக்டும் முழுதாக எடுக்காது. மெத்தையைச் சுவரில் சாய்த்து, விசிறியை நிறுத்தி மறுபடி பாடுங்கள். சென்னை மே மாதத்தில் இது கொடுமைதான். ஒரு பாட்டுக்குத் தாங்கலாம்.