கடல் கயாக்கில் பெண்கள் ஏன் பின்தங்குகிறார்கள்? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கயாக் (துடுப்பால் செலுத்தும் குறுகிய படகு) குழுவில் ஆண்கள் அதிகம், பெண்கள் சிலரே. புலாவ் உபின் தீவைச் சுற்றி வரும்போதெல்லாம் பெண்களாகிய நாங்களே கடைசியில் வருகிறோம். முன்னே சென்றவர்கள் எங்களுக்காகக் காத்திருப்பார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். பெண்களுக்கு வலிமை குறைவு, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் குழுத் தலைவர். இது சரியா? - வாசகி, சிங்கப்பூர்

உங்கள் தலைவர் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. மேலுடல் வலிமையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே சராசரியாகப் பெரிய வேறுபாடு உண்டு. கால்களின் வலிமையில் அது அவ்வளவு இல்லை. ஆனால் கயாக்கைச் சரியாகச் செலுத்துபவர் காலால் மிதியை உந்தி, இடுப்புக்கு மேலுள்ள உடலைத் திருப்பி, அந்தத் திருப்பத்தின் விசையைத்தான் துடுப்புக்குக் கொடுக்கிறார். வெறும் தோளாலும் கையாலும் இழுப்பவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் சில மணி நேரத்தில் தளர்ந்துவிடுவார். ஆகவே வலிமையைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் துடுப்பு முறையை ஒரு நல்ல பயிற்றுநரிடம் காட்டுங்கள்.

அடுத்து, உங்களுக்குக் கொடுக்கப்படும் படகைப் பாருங்கள். வாடகைக்குக் கிடைக்கும் கயாக்குகள் பலவும் சற்றுப் பெரிய உடலுக்கு ஏற்றவை. 50 கிலோ எடையுள்ளவர் அதில் அமர்ந்தால் படகு நீரில் போதிய அளவு அமிழாமல் உயர்ந்து மிதக்கும். பக்கக் காற்று அடிக்கும்போது அதன் முனை காற்றை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கும்; அவருடைய உழைப்பில் கணிசமான பங்கு படகை நேராக வைப்பதிலேயே போய்விடும். தொடைகள் படகுக்குள் உள்ள தொடைத் தாங்கிகளில் படியாததால் படகைச் சாய்த்துத் திருப்பவும் முடியாது. கிரீன்லாந்தின் இனுவிட் மக்கள் கடல்நாய் வேட்டைக்குச் செய்த கயாக்குகள், ஓட்டுபவரின் உடலை அளந்து அவருக்கென்றே செய்யப்பட்டவை. வேட்டைக்குச் சென்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள். படகைப் போர்த்திய தோலைத் தைத்தவர்கள் பெண்கள். உடலுக்கேற்ற படகு என்பது கயாக்கின் பிறப்பிலேயே உள்ள விதி. சிறிய உடலுக்கான கயாக்கும், குட்டையான, மெல்லிய பிடியுள்ள துடுப்பும் கேட்டுப் பெறுவதில் உங்களுக்குத் தயக்கமே வேண்டாம்.

இவை எல்லாம் சரியான பிறகும் வேகத்தில் சிறு வேறுபாடு இருக்கலாம். அந்தச் சிறு வேறுபாட்டைப் பெரிதாக்குவது குழு நடந்துகொள்ளும் முறை. முன்னே செல்பவர்கள் மணிக்கு 6 கி.மீ. வேகத்திலும் நீங்கள் 5 கி.மீ. வேகத்திலும் செல்வதாக வைத்துக்கொள்வோம். 20 நிமிடத்தில் இடைவெளி 300 மீட்டரைத் தாண்டிவிடும். அவர்கள் நிற்கிறார்கள், நீங்கள் அந்த இடத்தை அடைய ஏறக்குறைய 4 நிமிடம் ஆகிறது, உடனே அவர்கள் கிளம்புகிறார்கள். வலிமை மிக்கவர்களுக்கு ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் 4 நிமிட ஓய்வு கிடைக்கிறது. ஓய்வு தேவைப்படுபவருக்கு அதுவும் இல்லை. மூன்றாவது மணி நேரத்தில் நீங்கள் மேலும் தளர்ந்துபோவதில் வியப்பு என்ன? அதைப் பார்த்துவிட்டு, பெண்களின் இயல்பே அப்படித்தான் என்று முடிவு கட்டுவது மிகப் பெரிய அநியாயம்.

அது ஆபத்தும்கூட. கயாக்கில் அமர்ந்தவரின் கண், நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள்தான் இருக்கும். ஒரு மீட்டர் அலை எழும் கடலில் 300 மீட்டர் பின்னால் ஒருவர் கவிழ்ந்தால் முன்னே செல்பவர்களுக்குத் தெரியாமலே போகலாம். குழு பிரிவது எவ்வளவு கொடியது என்பதற்கு இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் 1993 மார்ச் 22 அன்று நடந்ததே சாட்சி. எட்டு மாணவர்கள், ஓர் ஆசிரியர், இரண்டு பயிற்றுநர்கள் குறுகிய தூரப் பயணமாகப் புறப்பட்டனர். ஆசிரியரின் படகு கவிழ்ந்தது. அவருக்கு உதவ ஒரு பயிற்றுநர் நின்றார். மற்றொருவர் மாணவர்களின் படகுகளை ஒன்றுசேர்த்துப் பிடித்திருந்தபோது காற்று அவர்களைக் கடலுக்குள் இழுத்துச் சென்றது. நான்கு மாணவர்கள் இறந்தனர். அங்கே பயிற்சிக் குறைவும், தகுந்த உபகரணம் இல்லாமையும், மீட்புக்குச் சொல்லியனுப்பியதில் தாமதமும் சேர்ந்திருந்தன. அந்த விபத்தின் விளைவாக, சாகச விளையாட்டு மையங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் 1995-இல் பிரிட்டனில் வந்தது.

ஆகவே உங்கள் தலைவரிடம் இவற்றைக் கேளுங்கள். குழுவின் வேகத்தை மிக மெதுவாகச் செல்பவரே தீர்மானிக்கட்டும். அவரை முன்வரிசையில் வைத்தால் இது தானாகவே நடக்கும். ஓய்வு நேரத்தின் கணக்கு, கடைசிப் படகு வந்து சேர்ந்த கணத்திலிருந்து தொடங்கட்டும். யாராவது தளர்ந்தால், அவர் முற்றிலும் ஓய்ந்துபோகும் வரை காத்திராமல் முன்கூட்டியே இழுவைக் கயிற்றைக் கட்டட்டும். கரையிறங்கும் இடங்களும் நேரமும் புறப்படும் முன்பே எல்லோருக்கும் தெரியட்டும். இந்தக் கடைசி விஷயத்தைப் பெண்கள் வெளியே சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் கழிக்க மறைவிடம் கிடைக்குமா என்ற கவலையால் பல பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். உங்கள் ஊர் வெயிலில் அதன் விளைவு தலைவலியும் தசைப்பிடிப்பும் தளர்ச்சியுமாகத்தான் இருக்கும். அதையும் வலிமைக் குறைவு என்றே எழுதிவைத்துவிடுவார்கள்.

கேள்வி: பெண்களுக்கு மட்டுமான கடல் கயாக் வகுப்புகள் தேவையா? கடல் எல்லோருக்கும் ஒன்றுதானே? - வாசகர், சென்னை

கடல் ஒன்றுதான், கரையில் நடக்கும் பேச்சு ஒன்றாக இருப்பதில்லை. கலப்புக் குழுவில் ஒருவர் கவிழ்ந்தால் அருகிலுள்ள ஆண் விரைந்து வந்து எல்லாவற்றையும் செய்துமுடித்துவிடுகிறார். நல்ல மனத்துடன் செய்யும் உதவிதான். ஆனால் அந்தப் பெண் மீட்பு முறையைக் கற்காமலே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. கைகளால் உடலைத் தூக்கிப் படகின் மேல் ஏற முடியாதவர், ஒரு குதிகாலைக் காக்பிட்டுக்குள் (படகில் அமரும் திறப்புக்குள்) மாட்டிக் கால் வலிமையால் உருண்டு ஏறலாம். இதைப் பலமுறை தவறிப் பழகுவதற்கு அவசரமில்லாத சூழல் வேண்டும். அதற்கு அத்தகைய வகுப்புகள் மிக உதவும். கற்ற பிறகு கலந்து செல்வதே நல்லது.

ஆண்கள் கற்க வேண்டியதும் உண்டு. இயன் மெக்கேமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 700-க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து, பிறரின் மதிப்பைப் பெறும் ஆசையும், அனுபவசாலி என்று கருதப்படுபவரைக் கேள்வியின்றிப் பின்பற்றுவதும் மனிதர்களை ஆபத்துக்குள் இழுக்கும் விதத்தை 2004-இல் விளக்கினார். கடலுக்கும் இது அப்படியே பொருந்தும் என்பது என் கருத்து. காற்று வலுக்கிறது, இன்று வேண்டாம் என்று முதலில் சொல்ல ஒருவருக்குத் தைரியம் வேண்டும். சொன்னவர் பெண்ணாக இருந்தால் அது பயம் என்று ஒதுக்கப்படுகிறது. பலர் மனத்திலும் இருக்கும் அதே ஐயத்தை ஆண்கள் மறைத்துக்கொள்கிறார்கள்.

பெண்களால் நீண்ட பயணம் முடியுமா என்று இன்னும் கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவை முதன்முதலில் கயாக்கில் சுற்றிவந்தவர் நியூசிலாந்தின் பால் காஃபின். 1981-82-இல் அவருக்கு 360 நாள் ஆனது. இரண்டாவதாகச் சுற்றியவர் ஜெர்மனியின் ஃப்ரேயா ஹாஃப்மைஸ்டர். 2009-இல் 332 நாளில் முடித்தார். அவர் கார்பென்டாரியா வளைகுடாவைக் கரையோரமாகச் சுற்றாமல், படகிலேயே உறங்கி, எட்டு நாளில் நேரே கடந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். அந்த முடிவுக்குத் தேவைப்பட்ட துணிவும் தாங்குதிறனும் தோள் வலிமையால் மட்டும் வருபவை அல்ல.

கேள்வி: கணவன் மனைவி இரட்டைக் கயாக்கில் செல்லும்போது யார் எங்கே அமர வேண்டும்? - வாசகி, கோயம்புத்தூர்

பொதுவாக எடை கூடியவர் பின்னால் அமர்வது படகின் சமநிலைக்கு நல்லது. சுக்கானும் பெரும்பாலும் பின்னிருப்பவரின் காலில்தான் இருக்கும். துடுப்பின் தாளத்தை முன்னிருப்பவர் வகுக்க, பின்னிருப்பவர் அதைப் பின்பற்ற வேண்டும். இல்லையென்றால் துடுப்புகள் மோதிக்கொள்ளும். ஆழமில்லாத, அமைதியான நீரில் இடம் மாறி அமர்ந்தும் பழகுங்கள்; சுக்கானைக் கையாள இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.