செரியே சி, செரியே டி நடுக்கள வீரராக வாழ்வது: பலெர்மோவில் இருந்து கேட்ட தாய்க்கு

அன்புள்ள அம்மா,

மகனுக்குப் பதினேழு வயது, பலெர்மோவில் பிறந்தவர், இத்தாலியப் பிரஜாவுரிமை இன்னும் இல்லை, கால்பந்தில் நடுக்களத்தில் ஆடுகிறார். வடக்கே ஒரு செரியே டி கழகம், அதாவது இத்தாலியின் நான்காம் படியில், அமெச்சூர் படியில் ஆடும் கழகம், தங்குமிடமும் சாப்பாடும் கைச்செலவுக்குச் சில நூறு யூரோவும் தருவதாகச் சொல்லியிருக்கிறது. பாடசாலையை நிறுத்திவிட்டுப் போகட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகட்டும், பாடசாலையை மட்டும் நிறுத்த வேண்டாம். அவர் ஆடுகிற இடத்துக்கு உண்மையான சம்பளம் 24, 25 வயதுக்குப் பிறகுதான் வரத் தொடங்கும். இப்போது கிடைப்பது பெரும்பாலும் அவருடைய பிறந்த ஆண்டுக்கான விலை.

இந்தக் கடைசி வசனத்தை விளக்க வேண்டும். செரியே டி கழகங்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் குறிப்பிட்ட ஆண்டுகளில் பிறந்த இளம் வீரர்கள் சிலரைக் களத்தில் வைத்திருந்தே ஆக வேண்டும். எத்தனை பேர், எந்தப் பிறப்பாண்டு என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். இவர்களை அங்கே 'அண்டர்' என்பார்கள், மற்றவர்கள் 'ஓவர்'. பயிற்றுநர் இந்தக் கட்டாய இடங்களைப் பெரும்பாலும் கோல் காப்பாளரிலும் பக்கக் காப்பாளர்களிலும் நிரப்பிவிட்டு, நடுக்களத்தை ஓவர்களுக்கு வைத்துக்கொள்வார். காரணம் இருக்கிறது. மைதானத்தின் நடுவில் பந்தை இழந்தால் எதிரணிக்கு நேர் வழி திறந்துவிடும். எப்போது பந்தைப் பிடித்து வைத்து அணிக்கு மூச்சு விடக் கொடுப்பது, எப்போது வேண்டுமென்றே ஒரு ஃபவுல் செய்து எதிர்த்தாக்குதலை நிறுத்துவது என்பதெல்லாம் பல பருவம் ஆடிய பிறகே கால்களுக்குப் பழகும்.

இதனால் உங்கள் மகனுக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. அண்டர் என்பதற்காக எடுத்து, வலப் பக்கக் காப்பாளராக ஆட வைப்பார்கள். இரண்டு வருடம் நிறைய ஆட்டம் கிடைக்கும், 21 வயதில் பார்த்தால் அவர் பக்கக் காப்பாளராகவும் தேறியிருக்கமாட்டார், நடுக்களப் பழக்கமும் போயிருக்கும். மற்றது, ஒரு ஜூலை மாதத்தில் அவருடைய பிறப்பாண்டு பட்டியலில் இருந்து விழுந்ததும் தொலைபேசி அடிப்பது நின்றுவிடும். நன்றாக ஆடியும் இந்தப் படியில் வழுக்கி விழுந்த பிள்ளைகள் ஏராளம். ஆகவே கழகத்திடம் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பு இதைக் கேளுங்கள்: கடந்த இரண்டு பருவங்களில் உங்கள் நடுக்களத்தில் ஆடிய அண்டர்கள் யார், அவர்கள் இப்போது எந்த அணியில்? பதிலை நம்பத் தேவையில்லை. ஆட்டவாரியான அணி விவரம் இணையத்தில் கிடைக்கும், மகனே ஒரு மாலையில் இருந்து எண்ணிவிடலாம்.

தாக்குப்பிடித்தவர்களுக்கு அதே விதி பிறகு கைகொடுக்கும். 26 வயதான ஒரு மெதியானோ, அதாவது காப்பாளர்களுக்கு முன்னால் நின்று பந்தைப் பறிக்கிறவர், வருடத்துக்கு 30 ஆட்டம் காயமில்லாமல் ஆடுகிறவராக இருந்தால் செரியே டியில் அவருக்கு இடம் இருந்துகொண்டே இருக்கும். அங்கிருந்து ஒரு படி மேலே, தொழில்முறைப் படிகளில் கடைசியான செரியே சிக்கு ஏறுவதும் உண்டு. ஆனால் இடங்கள் குறைவு. முன்பு சி1, சி2 என்று இரண்டு படிகளில் 90 கழகங்கள் இருந்தன, 2014 முதல் ஒரே படி, 60 கழகங்கள். செரியே ஆவின் 20, பியின் 20 சேர்த்தால் இத்தாலி முழுவதற்கும் தொழில்முறைக் கழகங்கள் 100தான். செரியே சியிலும் இளையோருக்குக் கொடுத்த ஆட்ட நிமிடங்களைக் கணக்கிட்டுக் கழகங்களுக்குப் பணம் பகிர்வதால், 30 வயதுக்காரருக்கு ஒப்பந்தம் நீட்டுமுன் கழகம் இரண்டு தடவை யோசிக்கும்.

பிரான்செஸ்கோ மஞ்ஞானெல்லியின் பெயரை மகன் சொல்லக்கூடும். 2005இல் சி2 படியில் இருந்த சாஸ்ஸுவோலோவுக்கு வந்து, அதே அணியோடு 2013இல் செரியே ஆவுக்கு ஏறி, 500க்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடி 2022இல் ஓய்வு பெற்ற நடுக்கள வீரர். அவருடைய திறமையோடு இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கழகத்தின் பின்னால் மாப்பெய் நிறுவனத்தின் ஜியோர்ஜியோ ஸ்குவின்சி இருந்தார், பணம் இருந்தது. கீழ்ப் படிகளில் ஒரு வீரரின் வாழ்க்கையை அவருடைய கால் எவ்வளவு தீர்மானிக்கிறதோ, முதலாளியின் வங்கிக் கணக்கும் ஏறக்குறைய அவ்வளவு தீர்மானிக்கிறது. சிசிலியில் இருக்கும் உங்களுக்கு இது புதிதாக இராது. பலெர்மோ கழகம் 2019இல் செரியே பியில் இருந்து விலக்கப்பட்டு செரியே டியில் தொடங்க நேர்ந்தது, 2022இல்தான் பிக்குத் திரும்பியது. திராப்பனி 2020இல் ஆட்டத்துக்கே வராமல் செரியே சியில் இருந்து நீக்கப்பட்டது. கத்தானியா 2022 ஏப்ரலில், பருவம் முடிய மூன்று ஆட்டங்கள் இருக்கையில், வெளியேற்றப்பட்டு அதன் முடிவுகள் எல்லாம் அழிக்கப்பட்டன. 2025 மார்ச்சில் தென் இத்தாலியின் தாரந்தோ, துர்ரிஸ் கழகங்களும் அதே பாதையில் போயின. ஒவ்வொரு தடவையும் ஓர் அணி நிறைய வீரர்கள் ஒரே நாளில் வேலை தேடத் தொடங்குகிறார்கள்.

சம்பளம் நின்றால் என்ன செய்வது என்பதைக் கையொப்பம் இடுமுன்பே தெரிந்துகொள்ள வேண்டும். தொழில்முறை வீரர் கழகத்துக்கு எழுத்து மூலம் அறிவித்தல் கொடுத்து, பிணக்குகளைத் தீர்க்கும் நடுத்தீர்ப்புக் குழுவில் ஒப்பந்தத்தை முறிக்கவும் நிலுவையைக் கேட்கவும் முடியும். 1968இல் தொடங்கிய வீரர் சங்கம், எல்லோரும் 'அயிக்' என்று சொல்வது, இதற்கு உதவும். செரியே டியில் நிலுவையைக் கேட்க அமெச்சூர் லீக்கின் பொருளாதார ஒப்பந்த ஆணைக்குழு இருக்கிறது. இரண்டுக்கும் அடிப்படை, ஒப்பந்தம் லீக்கில் பதியப்பட்டிருப்பது. "பாதி தாளில், பாதி கையில்" என்று யாராவது சொன்னால், கையில் தருவதாகச் சொன்ன பாதி இல்லை என்றே கணக்குப் போடுங்கள். அதைக் கேட்டு எங்கும் முறையிட முடியாது, ஓய்வூதியக் கணக்கிலும் ஏறாது.

செரியே டி வருமானத்தை மாதக் கணக்கில் பார்ப்பது ஏமாற்றும். பெரும்பாலும் பத்து மாதந்தான் பணம் வரும், கோடையில் வராது. 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விளையாட்டுத் தொழில் சட்டப்படி அமெச்சூர் படியில் வருடத்துக்கு 15,000 யூரோ வரை வருமான வரி இல்லை. 5,000 யூரோவுக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமே ஓய்வூதியப் பங்களிப்பு கட்டப்படும், அதுவும் 2027 முடியும் வரை பாதித் தொகைக்கே. கையில் கொஞ்சம் கூடுதலாக வரும், முதுமைக்கு மிகக் குறைவாகச் சேரும். பத்து வருடம் செரியே டியில் ஆடி, இன்ப்ஸ், அதாவது அரச ஓய்வூதிய நிறுவனத்தில் உள்ள தங்கள் கணக்கைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு அந்த எண் கசப்பாகவே இருக்கும். வருடம் ஒரு தடவை அந்தப் பதிவை இறக்கிப் பார்க்கும் பழக்கம் முதல் ஒப்பந்தத்தோடு தொடங்கட்டும்.

முகவர் விடயம் சுருக்கமாக: உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும், 18 வயதுக்கு உட்பட்டவரிடம் கட்டணம் வாங்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. தேர்வு ஆட்டம் ஏற்பாடு செய்கிறேன், இவ்வளவு யூரோ கொடுங்கள் என்று கேட்கிறவரோடு பேச்சை அங்கேயே முடியுங்கள்.

இனி பாடசாலை. இத்தாலியில் வருடப் பாட நேரத்தில் முக்கால் பங்கு வரவு இல்லாவிட்டால் அந்த வருடம் கணக்கில் வராது. ஆகவே அந்தக் கழகம் பயிற்சியைக் காலையில் வைக்கிறதா, பிற்பகலிலா என்பது தங்குமிடத்தை விட முக்கியம். காலையில் என்றால் படிப்பு நடக்காது. மறுத்துவிடுங்கள், அல்லது மாலை வகுப்பு உள்ள தொழில்நுட்பப் பாடசாலை அந்த ஊரில் இருக்கிறதா என்று பாருங்கள். கல்வி அமைச்சின் மாணவ விளையாட்டு வீரர் திட்டத்தில் சேர்ந்தால் பாடசாலை தனிப் பாடத்திட்டமே வகுத்துக் கொடுக்கும். மகன் ஆடும் போட்டி அந்தத் தகுதிப் பட்டியலில் இருக்கிறதா என்று அதிபரிடம் கேளுங்கள். மத்துரிதா எனும் பாடசாலை இறுதிப் பரீட்சைச் சான்றிதழ் கையில் இருந்தால் 23 வயதில் விளையாட்டு அறிவியல் பட்டத்தைப் பகுதிநேரமாகத் தொடங்கலாம். பிறகு இத்தாலியக் கால்பந்துச் சம்மேளனத்தின் கொவெர்ச்சானோ பயிற்சி மையம் வழியாகப் பயிற்றுநர் உரிமம். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யுஏஃபாவின் ஏ உரிமம் இருந்தால் செரியே சி வரை தலைமைப் பயிற்றுநராகலாம், செரியே ஆ, பி இரண்டுக்கும் யுஏஃபா புரோ உரிமம் வேண்டும். நடுக்களத்தில் ஆடியவர்களுக்கு ஆட்டம் முழுவதையும் பார்த்துப் பழகிய கண் இருக்கும், இந்தப் பாதை அவர்களுக்குப் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசியாக எழுதினாலும் காலக்கெடு உள்ளது பிரஜாவுரிமைக்குத்தான். 10 வயதுக்கு முன்பிருந்து இத்தாலியில் சட்டப்படி வசிக்கும் பிள்ளையை இத்தாலியப் பிள்ளைகளைப் போலவே கழகங்கள் பதியலாம் என்று 2016இல் சட்டம் வந்தது, ஆனால் அது 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான சட்டம். இங்கே பிறந்து 18 வரை இடைவெளி இல்லாமல் சட்டப்படி வசித்தவர், 18க்கும் 19க்கும் இடைப்பட்ட அந்த ஒரு வருடத்துக்குள் கொமூனேயில், அதாவது நகரசபையில், அறிவித்தால் பிரஜாவுரிமை கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள வீரர்களுக்கான கட்டுப்பாடுகள் அதோடு நீங்கும். வடக்கே போவதில் உள்ள சிக்கல் இதுதான்: பலெர்மோப் பதிவில் பெயர் வெட்டுப்பட்டு, புதிய ஊரில் பதியாமல் சில மாதம் போனால் அந்தத் தொடர்ச்சியில் கேள்வி எழும். வதிவிடத்தை மாற்றினால் உடனே மாற்றுங்கள், இல்லையென்றால் உங்கள் முகவரியிலேயே வைத்திருங்கள். பிறப்புச் சான்றிதழ், வதிவிட வரலாற்றுச் சான்றிதழ், தடுப்பூசிப் புத்தகம், ஆரம்பப் பாடசாலை அறிக்கைகள் எல்லாவற்றையும் இப்போதே ஒரு கோப்பில் போட்டு, அவருடைய 18ஆவது பிறந்தநாள் முடிந்த அடுத்த வாரமே கொமூனேயில் நேரம் பதிவு செய்யுங்கள்.