மருத்துவம் படிக்க வழி என்ன?

கேள்வி: சாதாரண தரப் பரீட்சை எழுதியுள்ள என் மகள் மருத்துவராக விரும்புகிறாள். மட்டக்களப்பிலேயே படிக்க முடியுமா? (ஒரு தாய், களுவாஞ்சிக்குடி)

பதில்: முடியும், அம்மா. உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றையும் அவர் கற்க வேண்டும். மூன்றிலும் சித்தியடைவது மட்டும் போதாது. பாடங்களின் கடினத்தன்மை வேறுபாட்டைச் சமப்படுத்தி, பரீட்சைப் புள்ளிகளிலிருந்து கணிக்கப்படும் இசட் புள்ளியே (Z-score) அனுமதியைத் தீர்மானிக்கிறது. அகில இலங்கைத் திறமை அடிப்படையில் 40 சதவீத இடங்களும், மாவட்ட அடிப்படையில் 55 சதவீத இடங்களும் வழங்கப்படுவதோடு, மட்டக்களப்பு, அம்பாறை உள்ளிட்ட கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலும் 5 சதவீதம் ஒதுக்கப்படுவதால், கொழும்பு மாணவரின் புள்ளியோடு தன்னை ஒப்பிட்டு அவர் மனந்தளரத் தேவையில்லை. மட்டக்களப்பிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே மருத்துவப் பட்டப்படிப்பு உண்டு. ஆயினும் விண்ணப்பத்தில் அதை எந்த வரிசையில் குறிப்பிடுகிறார் என்பதும் முக்கியம். ஐந்தாண்டுப் படிப்புக்குப் பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சியை முடித்தால், இலங்கை மருத்துவ சபையில் முழுப் பதிவு பெறலாம். பௌதிகவியலை இப்போதே கவனிக்கச் சொல்லுங்கள். உயிரியலில் திறமையான பிள்ளைகள் பலர் அதில்தான் புள்ளிகளை இழக்கிறார்கள்.