‘எனக்கு மேடை வராது’ – கடிதமும் பதிலும்

வணக்கம்.

கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். போன வருடம் மேற்பார்வையாளர் ஆனேன். அதிலிருந்து மாதம் ஒருமுறை இருபது பேர் முன்னால் நின்று அறிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. முந்தின இரவே தூக்கம் போய்விடும். எனக்கு மேடை வராது. நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்கிற எண்ணம்தான் எப்போதும்.

நண்பர் சொல்லி, நினைப்பையும் பேச்சையும் மாற்றி மனதைப் பழக்கலாம் என்று சொல்கிற என்.எல்.பி. (நியூரோ லிங்குவிஸ்டிக் புரோகிராமிங்) முறையில் இரண்டு நாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கண் அசைவைப் பார்த்து நான் ‘விஷுவல்’ ஆள், அதாவது எதையும் காட்சியாக நினைக்கிற ஆள் என்றார்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தினால் தைரியம் வரும்படி ‘ஆங்கர்’ போடக் கற்றுத் தந்தார்கள். அந்த ஹாலில் வந்தது, மீட்டிங்கில் வரவில்லை. அடுத்த நிலைப் பயிற்சிக்கு 45,000 ரூபாய். சேரலாமா?

இன்னொன்று. என் தங்கை ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு எட்டு மாதமாக ரோட்டைக் கடக்கவே நடுங்குகிறாள். பத்து நிமிடத்தில் சரி செய்துவிடலாம் என்று அந்தப் பயிற்சிக்காரர்கள் சொல்கிறார்கள். அழைத்துப் போகலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தங்கையை அங்கே அழைத்துப் போகாதீர்கள்.

அவர்கள் செய்யப்போவது என்னவென்று தெரியும். கண்ணை மூடி, ஒரு தியேட்டரில் உட்கார்ந்திருப்பதாக நினைக்கச் சொல்வார்கள். விபத்து திரையில் கறுப்பு வெள்ளைப் படமாக ஓடும். அப்புறம் அதைப் பின்னாலிருந்து முன்னாலாக வேகமாக ஓட்டச் சொல்வார்கள். பல்லியைப் பார்த்துப் பயப்படுகிறவருக்கு இதனால் பெரிய தீங்கு வராமல் போகலாம். ஆனால் உங்கள் தங்கை அடிபட்டவர். அந்த நினைவு ஒரு ஹாலில், முன்பின் தெரியாதவர்கள் நடுவில் திடீரென்று உடைத்துக்கொண்டு வந்தால் யார் தாங்கிப் பிடிப்பது? இரண்டு வாரம் படித்துச் சான்றிதழ் வாங்கியவருக்கு அதற்கான பயிற்சி இருக்காது. மனநல நிபுணர்களும் பயத்தை எதிர்கொள்ள வைத்துத்தான் குணப்படுத்துகிறார்கள். ஆனால் முதலில் வாசலில் நிற்பது, பிறகு தெருமுனை வரை நடப்பது என்று படிப்படியாக, நோயாளியின் கையில் கடிவாளத்தைக் கொடுத்துச் செய்வார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யாரென்று விசாரியுங்கள். எங்கே தொடங்குவதென்று புரியாவிட்டால், டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை இருக்கிறது. எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி உங்கள் விஷயம்.

என்.எல்.பி. பிறந்தது 1970களில், கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில். ரிச்சர்ட் பேண்ட்லர் அங்கே மாணவர், ஜான் கிரிண்டர் மொழியியல் ஆசிரியர். அந்தக் காலத்தில் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ், வர்ஜீனியா சட்டீர், மில்டன் எரிக்ஸன் என்ற மூன்று சிகிச்சையாளர்கள் கைராசிக்காரர்கள் என்று பெயர் வாங்கியிருந்தார்கள். அவர்கள் நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார்கள், எந்த இடத்தில் எந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள் என்று இவர்கள் இருவரும் நேரிலும் பதிவுகளிலும் கூர்ந்து கவனித்து எழுதினார்கள். முதல் புத்தகம் 1975இல் வந்தது. நல்ல ஆசாரியிடம் வேலை கற்க வந்தவன் அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பதைப் போன்ற வேலை இது. இந்தப் பகுதி மேல் எனக்கு இன்றைக்கும் மதிப்பு உண்டு.

பிறகு அதன் மேல் நிறைய அடுக்கிவிட்டார்கள். ஒவ்வொருவரும் காட்சி ஆள், ஒலி ஆள், உணர்வு ஆள் என்று ஒரு வகை. கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் வகை தெரியும் என்பது அதில் ஒன்று. கிறிஸ்டஃபர் ஷார்ப்லி என்ற உளவியல் ஆய்வாளர் 1984இலும் 1987இலும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். இந்த வகைப்பாட்டுக்கு ஆதாரம் நிற்கவில்லை. அமெரிக்க ராணுவம் கேட்டுக்கொண்டதால் அந்நாட்டுத் தேசிய ஆய்வுக் குழு 1988இல் ஓர் அறிக்கை கொடுத்தது. தேர்ந்தவர்களைப் பார்த்துக் கற்கும் அந்த அணுகுமுறையைப் பாராட்டியது, பிறரை வசப்படுத்தும் உத்தியாக என்.எல்.பி. பலன் தருகிறது என்பதற்கு ஆதாரம் காணவில்லை. கண் அசைவை வைத்துப் பொய்யைப் பிடிக்கலாம் என்பதை உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் குழுவினர் 2012இல் சோதித்தார்கள். அதுவும் தேறவில்லை. ஆகவே ‘நான் விஷுவல் ஆள்’ என்பதை இன்றே மறந்துவிடுங்கள். நாளைக்கு ஒரு புது விஷயத்தைக் காதால் கேட்டுக் கற்க வேண்டி வரும்போது அது குறுக்கே நிற்கும்.

45,000 ரூபாய் வேண்டாம். என்.எல்.பி. சான்றிதழை யார் தரலாம், எத்தனை மணி நேரம் படித்தால் தரலாம் என்று முடிவு செய்கிற பொதுவான அமைப்பு எதுவும் கிடையாது.

அப்படியானால் எல்லாமே வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் முதலில் கண்டெடுத்த ஒரு பயிற்சியை நான் பல வருடமாகச் செய்கிறேன். கிரிண்டர் மொழியியல்காரர் இல்லையா, நோயாளி சொல்கிற வாக்கியத்தில் எது விடுபட்டிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். யார், எப்போது, எதைவிட, எப்படித் தெரியும் என்று கேட்டு, விடுபட்டதைத் திரும்ப வரவழைப்பதுதான் பயிற்சி.

உங்கள் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். ‘எனக்கு மேடை வராது’ என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு வராது, இங்கிலீஷ் வராது, பாட்டு வராது என்று நாம் எல்லோருமே சொல்கிறோம். திறமை ஏதோ ஓர் ஊரிலிருந்து நம்மைத் தேடி வர வேண்டிய விருந்தாளி மாதிரியும், அது வரவில்லையென்றால் நாம் வாசலில் நிற்பதைத் தவிர வழியில்லை என்பது மாதிரியும் அந்த வாக்கியம் அமைந்துவிடுகிறது. செய்கிற ஆள் அதில் இல்லை. ‘இருபது பேர் முன்னால் பேசி நான் இன்னும் பழகவில்லை’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இப்போது ‘நான்’ வந்துவிட்டது, ‘இன்னும்’ வந்துவிட்டது, பழகுவது என்ற வேலையும் வந்துவிட்டது. பயம் இதனால் போய்விடாது. ஆனால் எதைச் செய்வது என்று தெரியும்.

அடுத்தது ‘நாலு பேர்’. யார் அந்த நாலு பேர்? நான் முதன்முதலில் ஒரு புத்தக வெளியீட்டில் பேச ஒப்புக்கொண்டு, வயிற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது இந்தக் கேள்வியைக் காகிதத்தில் எழுதி, கீழே பெயர்களை எழுத முயன்றேன். இரண்டு பெயர்தான் தேறியது. ஒருவர் அந்தக் கூட்டத்துக்கு வரப்போவதே இல்லை. இன்னொருவர் என் எட்டாம் வகுப்பு ஆசிரியர். நான் ஒரு செய்யுளைப் பாதியில் மறந்து நின்றபோது வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார். முப்பது வருடமாக நான் அவருக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று மேடையில் கை நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் எதிரே இருந்த முகங்களை என்னால் பார்க்க முடிந்தது.

உங்கள் பட்டியலில் யார் வருவார்களோ தெரியாது. பொறுமையாக எழுதுங்கள். ‘எப்போதும்’ என்ற சொல்லையும் விடாதீர்கள். ஷிஃப்ட் மாறும்போது பத்து ஆபரேட்டர்களிடம் ஒரு குறையை விளக்குவீர்களே, அப்போதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறதா?

விரலை அழுத்துவது பற்றி. மணியோசையையும் சோற்றையும் சேர்த்துப் பழக்கி நாய்க்கு எச்சில் ஊற வைத்தாரே பாவ்லவ், அந்த வழிதான். ஹாலில் பாட்டும் கைதட்டலும் இருந்தன, தைரியம் வந்தது. ஒரு நாள் பழக்கம் மீட்டிங் அறை வரை தாங்காது. பயம் உச்சத்தில் இருக்கும்போதெல்லாம் அழுத்தினால் விரல் பயத்தோடும் சேர்ந்துகொள்ளும். அதற்குப் பதில், ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த எளிய வழி ஒன்று உண்டு, அதற்கு நல்ல ஆய்வு பலம் இருக்கிறது: இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே ஒரு வாக்கியம் தீர்மானித்து வைப்பது. ‘தொண்டை அடைத்தால், கையிலிருக்கும் தாளின் முதல் எண்ணை வாசிப்பேன்.’ அவ்வளவு போதும். அந்த அறை காலியாக இருக்கும் ஒரு மாலையில் போய், நிற்கிற அதே இடத்தில் நின்று, அறிக்கையை மூன்று முறை சத்தமாகப் படியுங்கள். மறுவாரம் நம்பிக்கையான இரண்டு பேரை உட்கார வையுங்கள், பிறகு ஐந்து பேரை.

முதல் இரண்டு கூட்டம் முடிந்ததும் எழுதுங்கள். தங்கைக்கு எந்த மருத்துவர் கிடைத்தார் என்பதை அதற்கு முன்பே, இந்த வாரமே எழுதினால் சந்தோஷப்படுவேன்.

அன்புடன்.