இங்கிலாந்துக் கிராமங்களில் விவசாயக் கூலிகளாக இருந்த முன்னோரை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது?

உங்கள் மனைவியின் முன்னோர் இங்கிலாந்தில் விவசாயக் கூலிகள், 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஒரு பக்கம் மட்டும் கையில் இருக்கிறது, அங்கிருந்து எப்படிப் பின்னோக்கிப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கிட்டத்தட்ட அங்கேதான் தொடங்கினேன். என் கணவர் ஆங்கிலேயர். மாமியார் பிறந்த குடும்பம் நார்ஃபோக் கடலோரத்தைச் சேர்ந்தது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர்கள். இந்தத் தேடலில் ஓர் ஆண்டை முழுதாக வீணாக்கியவள் நான். எப்படி வீணாக்கினேன் என்பதைச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வந்துவிடும்.

முதல் தடுமாற்றமே ஊர்ப்பெயரில்தான். மாமியார் "ஹேஸ்பரா" என்றார். வரைபடத்தில் அப்படி ஓர் ஊரே இல்லை. எழுத்துக் கூட்டிப் படித்தால் ஹாப்பிஸ்பர்க் என்று வரும் ஊரைத்தான் அங்குள்ளவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். அதே நார்ஃபோக்கில் வைமண்டம் என்று எழுதிவிட்டு விண்டம் என்பார்கள். கோஸ்டெஸ்ஸி என்று எழுதிவிட்டு காஸி என்பார்கள். இது வேடிக்கைக்காக அல்ல. எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் கணக்கெடுப்பாளரே கேட்டு எழுதினார். வெளியூர்க்காரர் என்றால் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். ஆகவே ஊர்ப்பெயர், குடும்பப்பெயர் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, எப்படியெல்லாம் எழுதியிருக்கக்கூடும் என்று யோசித்துத் தேடுங்கள்.

கணக்கெடுப்பில் ஆட்களின் பெயர்கள் நாடு முழுவதற்குமாகக் கிடைக்கத் தொடங்குவது 1841இலிருந்து. ஆனால் அந்த ஆண்டு சிக்கனமானது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். யார் யாருக்கு என்ன உறவு என்ற விவரமும் இல்லை. 1851இல்தான் உறவுமுறை, திருமண நிலை, பிறந்த ஊர் எல்லாம் வருகின்றன. 1921 கணக்கெடுப்பு 2022இல் வெளியானது. 1931இன் தாள்கள் 1942இல் தீப்பற்றி எரிந்துபோயின. 1941இல் போரினால் எடுக்கவே இல்லை. இடையில் 1939 செப்டம்பரில் எடுத்த பதிவேடு ஒன்று கைகொடுக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது 1911. அதில்தான் முதன்முதலாகக் குடும்பத்தார் தம் கையால் நிரப்பிய தாள் அப்படியே கிடைக்கிறது. மணமான பெண்கள் எத்தனை பிள்ளை பெற்றார்கள், அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று அதில் கேட்டிருந்தார்கள். கைம்பெண்கள் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டியதில்லை. ஆனால் மாமியாரின் கொள்ளுப்பாட்டி, கணவரை இழந்தவர், நிரப்பியிருக்கிறார்: 11, 7, 4. திருமணத்தில் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டவர் அவர். மகள் யாராவது எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எழுத்தர் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து அந்த எண்களை அடித்திருக்கிறார். கோட்டுக்கு அடியில் மூன்றும் தெளிவாகத் தெரிகின்றன. அந்த நாலு பேரில் இருவரைப் பற்றி வேறெந்தக் கணக்கெடுப்பிலும் ஒரு வரி இல்லை. இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவில் பிறந்து, நடுவிலேயே போய்விட்டவர்கள்.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். மாமியாரின் எள்ளுத்தாத்தா வில்லியம். 1851இல் வயது 35, விவசாயக் கூலி. குடும்பப்பெயரோ அந்த வட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் ஒருவருக்கு இருக்கும் பெயர். ஹேஸ்பரா ஞானஸ்நானப் பதிவேட்டில் 1815இல் அதே பெயரில் ஒரு வில்லியம் கிடைத்தான். தந்தை பெயர், தாய் பெயர், எல்லாம் இருந்தன. கட்டணத் தளம் ஒன்றில் இன்னொருவர் போட்டிருந்த வம்சாவளியிலும் அவனே இருந்தான். போதாதா? அந்தத் தந்தையைப் பிடித்துக்கொண்டு 1600கள் வரை போய்விட்டேன். 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது, பிப்ரவரியில் நடந்ததை முந்தைய ஆண்டின் கணக்கில் எழுதினார்கள் என்பதெல்லாம் கற்றுக்கொண்டு பெருமையாக அட்டவணை போட்டேன். மாமியார் அதைச் சட்டமிட்டு மாட்டப்போவதாகச் சொன்னார்.

நல்லவேளையாக மாட்டுவதற்குமுன் அடக்கப் பதிவேட்டைப் புரட்டினேன். 1813 ஜனவரி முதல் தேவாலயங்கள் அச்சிட்ட படிவங்களில் எழுத வேண்டும் என்று சட்டம் வந்தது. அதனால் அடக்கப் பதிவில் வயதும் வசித்த இடமும் இருக்கும். 1818: வில்லியம், ஹேஸ்பரா, வயது 3. நான் ஓர் ஆண்டாக வம்சம் வளர்த்தது மூன்று வயதில் மண்ணுக்குள் போன குழந்தைக்கு. ஒரு ஞானஸ்நானப் பதிவு பொருந்தினால் உடனே அதே ஊரின் அடக்கப் பதிவேட்டில் அடுத்த பத்து ஆண்டுகளைப் பாருங்கள். என்னைப் போல் கடைசியில் பார்க்காதீர்கள்.

வெட்கம் என்னவென்றால், சரியான தடயம் முதல் மாதத்திலிருந்தே என் கோப்பில் கிடந்தது. 1837 ஜூலையில் அரசுப் பதிவு தொடங்கியபின் நடந்த திருமணங்களில் மணமக்களின் தந்தையர் பெயரும் தொழிலும் கேட்பார்கள். வில்லியமின் 1839 திருமணத்தில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும். எழுத்தரின் சோம்பல் என்று நினைத்துத் தள்ளிவிட்டேன்.

1851 பக்கத்தை மறுபடி எடுத்து, இம்முறை அக்கம்பக்கத்து வீடுகளையும் படித்தேன். இரண்டு வீடு தள்ளி, அதே குடும்பப்பெயரில் 58 வயதுப் பெண். திருமணமாகாதவர், உதவித்தொகையில் வாழ்பவர், பிறந்தது பக்கத்துப் பங்கு. பங்கு என்றால் ஒரு தேவாலயமும் அதற்குட்பட்ட ஊரும். நம் ஊர்க் கத்தோலிக்கர் சொல்வார்களே, அதேதான். அந்தப் பங்கின் பதிவேட்டில் 1816இல் வில்லியம் இருந்தான். தந்தை பெயர் இல்லை. முறைகேடாகப் பிறந்தவன் என்பதற்கு அந்தக் காலத்தில் போடும் சொல்லைப் போதகர் சற்று அழுத்தியே எழுதியிருந்தார். தாய் அதே பெண். கூலிக்காரர்கள் ஒரு பண்ணையிலிருந்து அடுத்த பண்ணைக்கு மாறிக்கொண்டே இருந்தார்கள், ஆனால் பெரும்பாலும் நடந்துபோகும் தூரத்துக்குள்தான். எனவே ஒரு பங்கில் கிடைக்காதவரைச் சுற்றியுள்ள எல்லாப் பங்குகளிலும் தேடுங்கள். பதிவேடு அழிந்திருந்தால் பிஷப்புக்கு ஆண்டுதோறும் அனுப்பிய நகல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹேஸ்பரா கடற்கரையில் 2013இல் 8 லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தைய மனிதக் காலடித் தடங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. என்னால் 200 ஆண்டுக்கு முந்தைய ஒருவரின் தகப்பனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் வழி உண்டு. மணமாகாத பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தால் செலவு பங்கின் தலையில் விழும் என்பதால், ஏழைகள் நிதியைக் கவனித்தவர்கள் தகப்பன் யார் என்று அவளை விசாரித்துப் பணம் கட்ட வைக்கப் பார்த்தார்கள். பக்தியைவிடப் பணக்கவலை நிறையக் காகிதம் எழுத வைத்திருக்கிறது. அந்தத் தாள்கள் தப்பியிருந்தால் நாரிச்சில் உள்ள நார்ஃபோக் ஆவணக் காப்பகத்தில் இருக்க வேண்டும். அடுத்த மாதம் மாமியாரும் நானும் போகிறோம்.

உங்களுக்குச் செலவு அதிகம் வைக்காத தொடக்கம்: ஃபேமிலிசர்ச், ஃப்ரீசென், ஃப்ரீரெக் என்ற மூன்று இணையதளங்களும் இலவசம். பொதுப் பதிவு அலுவலகத்தின் இணையப் பட்டியலில் 1837 முதலே பிறப்புகளுக்குத் தாயின் பிறந்தகத்துக் குடும்பப்பெயர் இருக்கிறது. உடன்பிறந்தவர்களைச் சேர்த்துப் பிடிக்க அது போதும். பட்டியலோடு நிற்காமல் மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து, மேலும் கீழும் நான்கு வீடுகளைப் படியுங்கள். 1881 பக்கத்தில் பிறந்த ஊர் என்று என்ன எழுதியிருக்கிறது என்பதை எனக்கு எழுதுங்கள். நார்ஃபோக் பக்கம் என்றால், அதை எப்படிச் சொல்வார்கள் என்று மாமியாரிடம் கேட்டுச் சொல்கிறேன்.