ஐம்பதே பாம்புகள் எஞ்சியிருந்த தீவு: கேள்வி பதில்

கேள்வி: கரீபியத் தீவுகள் என்றால் பவளப்பாறையும் கடலாமையும்தான் பேசப்படுகின்றன. நீங்கள் ஏன் ஒரு பாம்பையே முன்னிறுத்துகிறீர்கள்?

பதில்: 1995-இல் கணக்கெடுத்தபோது, ஆன்டிகுவா ரேசர் என்னும் அந்தப் பாம்பு உலகம் முழுவதிலும் ஏறத்தாழ 50 மட்டுமே இருந்தது; அத்தனையும் ஆன்டிகுவாவின் கரைக்கு அப்பால், பத்து எக்டேருக்கும் குறைவான பரப்புள்ள கிரேட் பேர்ட் தீவில் வாழ்ந்தன. பல்லி இனங்களைத் தின்று வாழும் இது மனிதருக்குத் தீங்கு செய்யாதது. பாம்பு என்பதாலேயே இதற்குப் பரிந்து பேச ஆள் குறைவு.

கேள்வி: ஆன்டிகுவாவின் பெருநிலத்தில் அது எப்படி அழிந்தது?

பதில்: இதில் நம் நாட்டுக் கீரிக்குப் பங்குண்டு என்பதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. கரும்புத் தோட்டங்களில் எலிகளை ஒழிப்பதற்காக 1872-இல் இந்தியாவிலிருந்து ஜமைக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்ட கீரிகளின் வழித்தோன்றல்கள், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆன்டிகுவாவிலும் விடப்பட்டன. கீரி பகலில் இரை தேடுவது; கருப்பெலியோ இரவில் நடமாடுவது, மரமேறவும் வல்லது. ஆகவே எலி தப்பித்துக்கொண்டது. பகலில் தரையில் ஊர்ந்த ரேசர் அகப்பட்டுக்கொண்டது. நம் ஊர்ப் பாம்புகள் தலைமுறை தலைமுறையாகக் கீரியோடு வாழ்ந்து பழகியவை. அந்தத் தீவுப் பாம்புக்கு அப்படியொரு பகை இருப்பதே தெரியாது. கீரி எட்டாத சிறு தீவில் மட்டுமே அது பிழைத்தது.

கேள்வி: அங்கே கீரி இல்லையென்றால் ஐம்பதாகக் குறைந்தது ஏன்?

பதில்: எலிகளால். பல பாம்புகளின் வால்கள் கடித்துக் குதறப்பட்டிருந்தன.

கேள்வி: எலி மருந்து வைத்தால் பாம்பும் சாகாதா?

பதில்: நியாயமான அச்சம்தான். ஆனால் ரேசர் உயிருள்ள பல்லியைப் பிடித்துத் தின்பது, மருந்துக் கட்டியைத் தீண்டாது. 1995 இறுதியில் தீவு முழுவதும் சீரான இடைவெளியில் மருந்து வைத்து எலிகளை அகற்றினார்கள். அதன்பின் ஓரிரு ஆண்டுகளிலேயே பாம்புகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இருமடங்காயிற்று. ஒரே தீவில் வைத்திருந்தால் ஒரு பெரும் புயலே போதும், எல்லாம் போய்விடும் என்பதால், 1999-இல் ராபிட் தீவிலும், 2002-இல் கிரீன் தீவிலும், 2008-இல் யார்க் தீவிலும் கொண்டுபோய் விட்டார்கள். பின்னர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.

கேள்வி: இந்த முறை வேறெங்கேனும் பலித்திருக்கிறதா?

பதில்: அதே நாட்டைச் சேர்ந்த ரெடோண்டாவில் பலித்தது. கடற்பறவை எச்சத்தை உரத்துக்காக வெட்டியெடுத்த காலத்துக்குப் பின், ஆடுகளும் எலிகளும் அந்தப் பாறைத் தீவை மொட்டையாக்கியிருந்தன. 2016-17-இல் ஆடுகளைப் பிடித்து ஆன்டிகுவாவுக்குக் கொண்டுசென்றார்கள். ஆயிரக்கணக்கான எலிகளை ஒழித்தார்கள். விதை எதையும் தூவாமலேயே புல்லும் செடியும் தாமாக எழுந்தன. அங்கு மட்டுமே வாழும் கரும்பல்லி பல மடங்கு பெருகியது. 2023-இல் தீவும் அதைச் சூழ்ந்த கடலும் காப்பகமாக அறிவிக்கப்பட்டன.

கேள்வி: நான் ஆன்டிகுவா செல்லவிருக்கிறேன். கிரேட் பேர்ட் தீவுக்குப் போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். படகில் ஏறுமுன் உணவுப் பையையும் பெட்டிகளையும் திறந்து, எலி புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். சினையான ஒரே ஓர் எலி கரையேறினாலும் அத்தனை ஆண்டு உழைப்பும் வீண். பாறை இடுக்கில் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் ஒன்று அசைந்தால், பெண் ரேசராக இருக்கலாம். விலகி நின்று பாருங்கள்.